ஒரு பயணச்சீட்டும் ஒரு கோரைப்பாயும்

(சென்ற ஆண்டு மகாவீரர் நிர்வாண விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'இளைஞர்களும் இணைய வணிகமும்' என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது நான் தயங்கினேன். முப்பத்தோராண்டுகள் ஒரு வங்கியில் பணியாற்றி, அவற்றுள் பெரும்பகுதியைக் கடன் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பொருளையும் என் கையால் விற்றதில்லை. விற்க முனைந்து வந்தவர்களிடம் 'ஈடாக என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டதே என் தொழில். அந்த வினாவை எங்கே கேட்டிருக்க வேண்டும், எங்கே கேட்டிருக்கக் கூடாது என்பதை ஓய்வு பெற்ற பின்னர்தான், அதுவும் என் வீட்டுப் பிள்ளை ஒருவனிடமிருந்து, கற்றுக்கொண்டேன். அதனைச் சொல்லலாம் என்ற எண்ணத்தில்தான் இங்கு வர இசைந்தேன்.

முதலில் உங்களிடம் ஒரு வினா. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேருந்தில் வந்தவர்கள் எத்தனை பேர்? பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்திருக்கின்றன. அவர்களுள் வரிசையில் நின்று சீட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்? மூவர். மூவரும் என் வயதினர். ஏனையோர் கைப்பேசியில் இருக்கையைத் தொட்டுத் தேர்ந்து, பணமும் அதிலேயே செலுத்தி வந்திருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி இல்லை. அது எவ்வாறு தோன்றியது என்பதே நான் சொல்ல விரும்பும் முதற்கதை.

தீபாவளியை நாம் வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் எய்திய நாளாகப் போற்றுகிறோம். பிறர் வேறு காரணங்களுக்காகக் கொண்டாடுகின்றனர். எவ்வாறாயினும் அந்நாளில் ஊர் திரும்பிப் பெற்றோருடன் விளக்கேற்ற வேண்டும் என்ற வேட்கை எல்லார்க்கும் பொது. 2005ஆம் ஆண்டுத் தீபாவளியின்போது பெங்களூரில் ஒரு மின்னணு நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய பணீந்திர சாமா என்னும் தெலுங்கு இளைஞர் அந்த வேட்கையுடன் பேருந்துச் சீட்டுத் தேடி அலைந்தார். கடைசி நேரத்தில்தான் விடுப்பு உறுதியாயிற்று. ஒரு முகவரிடம் சென்றார், இல்லை. அடுத்தவரிடம் சென்றார், இல்லை. இவ்வாறு பலரிடம் ஏறி இறங்கியும் இடம் கிடைக்கவில்லை. நண்பர்களெல்லாம் ஊருக்குச் சென்றுவிட, அவர் அறைக்குத் திரும்பினார்.

அன்று சீட்டுக் கிடைக்காமல் திரும்பியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அந்த நகரில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இருந்திருப்பர். நம் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பர். அனைவரும் பேருந்து நிறுவனத்தாரையும் முகவரையும் விதியையும் நொந்துகொண்டு உறங்கச் சென்றனர். பணீந்திர சாமா மட்டும் மறுநாள் வேறொரு வினாவைக் கேட்டார்: உண்மையிலேயே இடம் இல்லையா, அல்லது இடம் இருப்பது எனக்குச் சீட்டு விற்பவருக்குத் தெரியவில்லையா?

அந்த வினாவின் விடையை விளங்கிக்கொள்ள, அக்காலத்தில் ஆம்னி பேருந்தின் இருக்கைகள் எவ்வாறு விற்கப்பட்டன என்பதை அறிய வேண்டும். ஒரு பேருந்தில் நாற்பது இருக்கைகள் என்று கொள்வோம். உரிமையாளர் அவற்றை நகரின் பல பகுதிகளிலுள்ள முகவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்கு நான்கு, இன்னொருவருக்கு ஆறு. ஒவ்வொரு முகவரும் தமக்குரிய இருக்கைகளைத் தம் தாளில் குறித்து வைத்திருப்பார். அவை விற்றுத் தீர்ந்தால், அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசி வேறு இடம் உண்டா என்று கேட்க வேண்டும். பண்டிகை நாளின் மாலையில் அந்தத் தொலைபேசி எப்போது ஓயும்? ஆகவே 'இல்லை' என்று சொல்லி அனுப்புவது எளிது. அதே வேளையில் நான்கு தெரு தள்ளி இருக்கும் மற்றொரு முகவரிடம் இரண்டு இருக்கைகள் விற்காமல் கிடக்கும். பேருந்து புறப்படுவதற்குச் சற்று முன்னர் அவை உரிமையாளரிடம் திரும்பி வரும். அந்நேரத்தில் அவற்றை யாருக்கு விற்பது? காலி இருக்கைகளுடன் பேருந்து புறப்படும். இடமில்லை என்று கேட்டுத் திரும்பியவர் அறையில் அமர்ந்திருப்பார். இரண்டும் ஒரே இரவில், ஒரே நகரில் நிகழ்ந்தன.

இன்னொரு குறையும் இருந்தது. பெங்களூரில் அமர்ந்துகொண்டு, ஊரிலிருந்து திரும்பி வருவதற்கான சீட்டை வாங்க இயலாது. அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். ஊருக்குச் சென்ற மகன் வந்தவுடன் முதல் வேலையாகத் திரும்பும் சீட்டு வாங்கப் புறப்படுவதைக் கண்டு மனம் வாடிய தாய்மார்கள் இங்கும் இருப்பீர்கள்.

இதனை அவர் நூலில் படித்து அறியவில்லை. முகவர்களிடமும் உரிமையாளர்களிடமும் மீண்டும் மீண்டும் சென்று கேட்டே அறிந்தார். பிலானியில் தம்முடன் பயின்ற சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு ஆகிய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். இருவரும் நல்ல நிறுவனங்களில் பணியில் இருந்தவர்கள். மூவரும் பணி முடிந்த இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் அமர்ந்து, எல்லா முகவரும் ஒரே பட்டியலைக் காணத்தக்க ஒரு மென்பொருளை எழுதினர். பொறியாளர்கள் அல்லவா, எழுதி முடித்தால் வேலை முடிந்தது என்று எண்ணியிருப்பார்கள். பேருந்து உரிமையாளர்களோ அதனை வாங்க முன்வரவில்லை.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். செய்தித்தாள்கள் இக்கதையை எழுதும்போது, சீட்டுக் கிடைக்காத இரவிலிருந்து நேரே பல நூறு கோடிக்குத் தாவிவிடுகின்றன. இடையில் இருந்த இந்த மறுப்பை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ முழுக்கதையும் அந்த வரியில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. உரிமையாளர்கள் ஏன் மறுத்தார்கள்? அவர்கள் அறியாமையில் மறுக்கவில்லை. பல்லாண்டுகள் முகவர்களோடு பழகி, பண்டிகைக்குப் பண்டிகை கணக்குத் தீர்த்து, நம்பிக்கையின் பேரில் நடந்துவந்த தொழில் அது. நேற்று வந்த மூன்று இளைஞர்களின் கணினியை நம்பி அதனைக் குலைத்துக்கொள்ள யார் முன்வருவார்? வங்கியில் நான் அமர்ந்திருந்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தால், அந்த மறுப்பு முற்றிலும் நியாயமானது.

ஆகவே அவர்கள் வழியை மாற்றினர். மென்பொருளை விற்பதை ஒத்திவைத்து, தாமும் முகவர்களாகவே ஆயினர். சில இருக்கைகளை மட்டும் கேட்டுப் பெற்று, அவற்றை இணையத்தில் விற்றுக் காட்டுவது என்று முடிவு செய்தனர். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூரில் 'ரெட்பஸ்' தொடங்கப்பட்டது. கையிலிருந்த சேமிப்பே முதல். புதிய தொழில்முனைவோர்க்கு வழிகாட்டும் அமைப்பொன்றில் மூத்தவர்களிடம் ஆலோசனை பெற்றனர். மறு ஆண்டில் வெளியார் முதலீடு வந்தது. உரிமையாளர்களின் நம்பிக்கை வளர்ந்த பின்னர், முன்பு மறுக்கப்பட்ட அதே வகையான மென்பொருளை அவர்களே விரும்பிப் பெற்றுக்கொள்ளும் காலமும் வந்தது. முகவர்களையும் அவர்கள் பகைத்துக்கொள்ளவில்லை; அவர்களும் அதே பட்டியலிலிருந்து விற்கத் தனியொரு வழி செய்துகொடுத்தனர். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நிறுவனத்தை இபிபோ குழுமம் வாங்கியது. 2017இல் அது மேக்மைட்ரிப் குடையின்கீழ்ச் சென்றது. பணீந்திர சாமா பின்னர் 2018இல் தெலங்கானா அரசின் முதன்மைப் புத்தாக்க அலுவலராகப் பொறுப்பேற்றார்.

எண்ணம் எளியது. காலி இருக்கை எங்கே இருக்கிறது என்பதை எல்லார்க்கும் காட்ட வேண்டும், அவ்வளவே. அதனைச் சொல்ல ஒரு நொடி போதும். அதனைத் தொழிலாக்க, பேருந்து அலுவலகங்களின் மரப்பலகைகளில் அமர்ந்து காத்திருக்கும் பொறுமை வேண்டியிருந்தது.

நம் சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் அவர்களின் கதையும் இத்தகையதே. 1997இல் அமெரிக்காவில் மென்பொருள் பணியில் இருந்தபோது, அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையதளத்தைத் தொடங்கினார். பல பகுதிகளுள் ஒன்றாகத் திருமணப் பகுதியும் இருந்தது. மக்கள் பெரிதும் நாடி வந்தது அந்த ஒன்றையே என்பதை அவர் கவனித்தார். தாம் முக்கியம் என்று கருதியதை விட்டுவிட்டு, வந்தவர்கள் முக்கியம் என்று காட்டியதைப் பின்பற்றினார். பாரத் மேட்ரிமோனி அவ்வாறு வளர்ந்து, 2017இல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படும் அளவுக்கு உயர்ந்தது. நம் குடும்பங்களில் அதனைப் பயன்படுத்தியவர்கள் பலர் உண்டு. பயன்படுத்தியதாக வெளியே சொல்பவர்கள் சிலரே. அது வேறு செய்தி.

பெரியவர்களின் கதைகளைச் சொன்னேன். இனி, என் கண்முன் நிகழ்ந்த ஒரு சிறு கதை. இதில் கோடிகள் இல்லை.

என் தம்பி மகன் பொறியியல் முடித்துச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் இரண்டாண்டுகள் பணியாற்றினான். ஒருநாள் வந்து, 'பெரியப்பா, வேலையை விட்டுவிட்டேன். கோரைப்பாய் விற்கப் போகிறேன்' என்றான். என் தம்பி மனைவி அன்று சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. நானோ, வழக்கம்போல் வங்கி அதிகாரியாகவே பேசினேன். 'பாய் விற்கவா உன்னைப் படிக்க வைத்தார்கள்? ஈடாக உன்னிடம் என்ன இருக்கிறது? தம்பியின் நிலத்தைப் பார்க்கிறாயா?' என்றெல்லாம் கேட்டேன். நிலம் வேண்டாம், ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்றான். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குக் கையெழுத்திட்டவன், என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பைக்கூடச் செய்யவில்லை. அதனை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

அவன் எண்ணம் எங்கிருந்து வந்தது? என் தாயார், அதாவது அவனுடைய பாட்டி, நாள்தோறும் சாமாயிகத்திற்கு அமரும்போது இரண்டடிக்கு இரண்டடி கோரைப்பாய்த் துண்டு ஒன்றை விரித்துக்கொள்வார். வந்தவாசிப் பாயிலிருந்து வெட்டி, ஓரத்தில் துணி வைத்துத் தைத்தது. சென்னையில் இவன் தங்கியிருந்த அறைக்கு அதுபோன்ற ஒன்றை எடுத்துச் சென்றிருந்தான். உடன் தங்கியிருந்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும், யோகப் பயிற்சிக்குச் செல்பவர்களும், அதனைக் கண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டனர். ஐந்தாறு பேர் கேட்ட பின்னர்தான் அவனுக்குப் பொறி தட்டியது.

ஆயினும் அவன் முதலில் செய்தது தவறு. கேட்டவர்கள் விரும்பியது சிறிய இருக்கைப் பாயை. இவனோ, பாய் என்றால் படுக்கும் பாய் என்று எண்ணி, ஆறடிக்கு நான்கடிப் பாய்களை வாங்கிக் குவித்து இணையச் சந்தையில் பட்டியலிட்டான். முதல் மாதம் பதினேழு பாய்கள் விற்றன, ஒவ்வொன்றிலும் நட்டம். காரணம் வேடிக்கையானது. பாயின் எடை இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வது பெருவழக்கு. உண்மை எடை, இந்த எடை ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம். சுருட்டிய பாய் 120 சென்டிமீட்டர் நீளம், குறுக்களவு பன்னிரண்டு. பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. இரண்டு கிலோவுக்கென்று கணக்கிட்டு விலை வைத்தவன், மூன்றரைக் கிலோவுக்குக் கட்டணம் செலுத்தினான்.

இந்தக் கணக்கை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கூரியரின் பட்டியலில் எங்கோ சிறிய எழுத்தில் இருந்தது. கணக்குப் பிடிபட்ட அன்றே அவன் பாட்டியின் இருக்கைப் பாய்க்குத் திரும்பினான். இரண்டு இருக்கைப் பாய்களைச் சேர்த்து இறுகச் சுருட்டினால் அறுபது சென்டிமீட்டர் நீளம், குறுக்களவு எட்டு. கூரியரின் கணக்கில் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆகவே ஒன்றாக விற்காமல் இரண்டிரண்டாக விற்றான். கேட்டவர்கள் தொடக்கத்திலேயே கேட்டது இதைத்தான். அவன் காதில்தான் விழவில்லை.

இரண்டாவது இடர், மழையோடு வந்தது. ஐப்பசியில் அனுப்பிய பாய்கள் சிலவற்றில் பூஞ்சை பூத்திருப்பதாகப் புகார் வந்தது. நெகிழி உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி அனுப்பியிருந்தான். அழகாக இருக்கும் என்று எண்ணியிருக்கிறான். நெசவாளர் ஒருவர், அறுபதைக் கடந்தவர், அதைக் கேட்டுச் சிரித்தாராம். 'தம்பி, கோரை தண்ணியில வளர்ந்தது. நனைச்சுத்தான் நெய்யிறோம். நல்லா வெயில் காட்டாம மூட்டை கட்டினா மூச்சு முட்டும்' என்று சொன்னாராம். தறியிலிருந்து வந்த பாயை மழைக்காலத்தில் எத்தனை நாள் காயவைக்க வேண்டும், எவ்வாறு தட்டிப் பார்த்தால் ஈரம் தெரியும், எந்தச் சாயம் வியர்வையில் ஒட்டும் என்பதையெல்லாம் அவர்தான் கற்பித்தார். அதற்குமுன் அந்தப் பெரியவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியது மட்டுமே இவன் செய்த உரையாடல். பேருந்து அலுவலகத்தில் அமர்ந்து கற்ற அந்த மூன்று நண்பர்களை நான் நினைத்துக்கொண்டேன். தொழிலின் அறிவு தொழில் செய்பவரிடம்தான் இருக்கிறது. கணினியில் அதைத் தேடினால் கிடைப்பதில்லை.

பூஞ்சை பற்றிப் புகார் செய்தவர்கள் நால்வர். ஆனால் அதே ஈரக்கட்டிலிருந்து முப்பத்தோரு பேருக்குப் பாய்கள் சென்றிருந்தன. மற்ற இருபத்தெழுவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் இன்னும் உறையைப் பிரிக்காமலும் இருந்திருக்கலாம். என்ன செய்வது என்று என்னிடம் கேட்க வந்தான். கடன் கேட்டு வந்தபோது முகம் கொடுக்காத பெரியப்பாவிடமே மீண்டும் வந்தான் என்பது எனக்குச் சற்றே நாணமாகவும் இருந்தது. நான், 'கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடு, கேட்காதவர்களை ஏன் எழுப்புகிறாய்?' என்றேன். முப்பத்தோராண்டு அனுபவம் அவ்வாறு பேச வைத்தது.

அப்போது என் தாயார் கூடத்தில் அமர்ந்திருந்தார். அவர் என்னை நோக்கித் திரும்பவும் இல்லை. அவனிடம் மட்டும், 'கள்ளாமைக்கு எத்தனை அதிசாரம் என்று படித்தாய்?' என்று கேட்டார். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருள் வாங்குதல், அரசாணை மீறுதல், கள்ள அளவு, கலப்படப் போலி என்று ஐந்தையும் அவன் சொன்னான். பள்ளி விடுமுறைகளில் பாட்டியிடம் மனப்பாடம் செய்தவை. 'ஈரப்பாயைக் காய்ந்த பாய் என்று கொடுத்தது இவற்றில் எது?' என்று கேட்டுவிட்டு, அவர் தம் செபமாலையை எடுத்துக்கொண்டார். அவன் முப்பத்தோரு பேருக்கும் செய்தி அனுப்பினான். மாற்றுப் பாய் அல்லது பணம், எது வேண்டுமோ அது. பாயைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வெயிலில் காட்டிப் பயன்படுத்தலாம் என்றும் எழுதினான். அந்த மாதம் அவனுக்கு ஏற்பட்ட நட்டம் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல். அவர்களுள் ஒருவர் ஒரு யோகப் பயிற்சிக் கூடத்தை நடத்துபவர். மறு மாதம் அவரிடமிருந்து நாற்பது பாய்களுக்கு ஆணை வந்தது. அது வராமலும் போயிருக்கலாம். வந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் என்ன அறிவுரை சொன்னேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

முகம் காணாத வணிகத்தில் இது புதிதன்று. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஓமிடியார் என்னும் இளைஞர், பின்னாளில் 'ஈபே' என்று உலகறிந்த ஏல இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் முதன்முதலாக விற்றது பழுதுபட்ட ஒரு லேசர் சுட்டுக்கருவி. விலை பதினான்கு டாலருக்குச் சற்று மேல். பழுது என்று வெளிப்படையாக எழுதியே விற்றார். வாங்கியவருக்கு அது புரிந்ததா என்று எழுதிக் கேட்டபோது, தாம் பழுதான சுட்டுக்கருவிகளையே சேகரிப்பவர் என்று அவர் விடையளித்தாராம். விற்றவரும் வாங்கியவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதிவைக்கும் முறையையும் அந்தத் தளம் மறு ஆண்டிலேயே கொண்டுவந்தது. இன்று நீங்கள் பொருளின் அடியில் காணும் விண்மீன்களின் மூதாதை அது. நம் ஊரில் 2010இல் ஃபிளிப்கார்ட் நிறுவனம், பொருளைப் பெற்ற பின் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்ததும் இதே தேவைக்காகத்தான்: கண்ணால் காணாததற்கு முன்பணம் கொடுக்க நம் மக்கள் அஞ்சினர். வாங்குபவரின் அச்சம் அதனால் தீர்ந்தது. விற்பவருக்கோ வேறோர் அச்சம் வந்தது. ஆணையிட்டவர் வீட்டில் இல்லை, மனம் மாறிவிட்டது என்று பாய் திரும்பி வரும். போக வரக் கூரியர் கட்டணம் விற்றவன் தலையில் விழும். என் தம்பி மகன் இப்போது அம்முறையை மிகக் குறைவாகவே ஏற்கிறான். யூபிஐ வந்தபின் அதற்கான தேவையும் குறைந்துவிட்டது என்கிறான்.

தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு, வங்கிக்காரன் என்ற முறையில் சில செய்திகள். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு என்னும் பிரிவில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை கடன் பெறலாம். ஈடு கேட்கக் கூடாது. நான் அவனிடம் ஈடு கேட்டது விதிப்படியே தவறு என்பதையும் கவனிக்க. உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். சரக்கு மற்றும் சேவை வரியைப் பொறுத்தவரை, முன்பெல்லாம் இணையச் சந்தையில் ஒரு பாய் விற்றாலும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் முதல், வரம்புக்குட்பட்ட விற்பனை உள்ளவர்கள் தம் மாநிலத்திற்குள் மட்டும் விற்றால் முழுப் பதிவின்றி ஒரு சேர்க்கை எண்ணைப் பெற்று விற்கலாம். பிற மாநிலங்களுக்கு அனுப்ப வேண்டுமானால் பதிவு வேண்டும். பெங்களூரிலிருந்து ஆணை வந்த மகிழ்ச்சியில் இதனை மறந்துவிடாதீர்கள். சந்தை நிறுவனம் தன் கமிஷனைக் கழித்து, சில நாட்கள் கழித்தே பணத்தை அனுப்பும். அந்த நாட்களுக்கு நெசவாளருக்குக் கொடுக்கக் கையில் பணம் இருக்க வேண்டும். விற்பனை பெருகப் பெருக இந்த இடைவெளியும் பெருகும். நன்றாக விற்றுக்கொண்டே மூச்சுத்திணறிய சிறு தொழில்களை நான் வங்கியில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை தொழில் செய்யப் போகிறேன் என்றால், உடனே இசையவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். யாரிடம் கேட்டாய், யார் வாங்குவதாகச் சொன்னார்கள், ஒன்று விற்றால் கையில் எவ்வளவு நிற்கும் என்று கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்லி ஆறு மாதம் கொடுங்கள். வேலையில் இருந்துகொண்டே அதைச் செய்ய இயலும். பணீந்திர சாமாவும் நண்பர்களும் மென்பொருளை எழுதிய இரவுகளில் சம்பளக்காரர்களாகத்தான் இருந்தனர். என் தம்பி மகன் அதற்கு முன்பே வேலையை விட்டது அவசரம் என்றே இன்றும் நினைக்கிறேன். அவனிடமும் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் திருமணத்திற்குப் பின் வேலையை விட்ட பட்டதாரிப் பெண்கள் எத்தனையோ பேர். சூரியன் மறையுமுன் உண்ணும் குடும்பங்களுக்கு ஏற்ற வகையில், வேர்க்கிழங்கு சேராத சமையற்பொடிகளையும் ஊறுகாய்களையும் அவர்கள் வீட்டில் செய்வதை நாம் உண்டு மகிழ்கிறோம். வெளியூரில் பணிபுரியும் நம் பிள்ளைகள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். இங்கும் இருக்கை காலியாக இருக்கிறது, பயணியும் காத்திருக்கிறார். உணவுப் பொருளுக்கான பதிவு உரிமம் கட்டாயம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். மற்றவற்றை அவர்கள் நம்மைவிட நன்கு அறிவர்.

என் தம்பி மகனின் தொழிலுக்கு இப்போது நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று பெண்கள் ஓரம் தைக்கிறார்கள். அந்த நெசவாளர் பெரியவரின் தறியிலிருந்து மட்டும் மாதந்தோறும் ஒரு பகுதி பாய்கள் வருகின்றன; விலையில் பேரம் பேசுவதில்லை என்கிறான். அவன் பழைய நிறுவனத்தில் இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தை இன்னும் எட்டவில்லை. என் தம்பி மனைவி சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டார். ஊராரிடம் 'பையன் என்ன செய்கிறான்' என்ற வினாவுக்கு மட்டும் 'சொந்தத் தொழில்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

அவன் இந்த அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். தன்னைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், பேசிவிட்டேன். உணவு இடைவேளையில் அவனிடம் தன் முதல் ஆண்டுக் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இணையதளத்தை எவ்வாறு அமைத்தாய் என்று அவனைக் கேட்க வேண்டாம்; அது ஒரு மாலை வேலை என்கிறான். அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதல் ஒன்பது பக்கங்களில் சிவப்பு மையே மிகுதி. பத்தாம் பக்கத்தில் முப்பத்தோரு பெயர்கள் எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் திருப்பிக் கொடுத்த தொகையும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும்.